துடிப்புத்துணை

என் மனைவியின் இதயத்தை ஒரு சாயங்காலம் கிரைண்டரோடு சேர்த்து ஓடவிட்டவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. நான் யோசித்துச் செய்த காரியம் எதுவும் இதுவரை கச்சிதமாக அமைந்ததில்லை.

என் பெயர் சென்னியப்பன். கோயம்புத்தூர் கணபதியில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடையில் சும்மா கிடந்த தடித்த காந்தங்களை வைத்து, மாவு சூடாகாமல் நிதானமாகச் சுற்றும் ஒரு கிரைண்டரை நானே செய்தேன். வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகும் உண்டு. என் மனைவி கோகிலவாணியால் அடுப்படியில் கொஞ்ச நேரம்கூட நிற்க முடியாது, மூச்சு வாங்கும். அதனால் கிரைண்டரை ஹாலுக்கே தூக்கி வந்து அவள் நாற்காலியை ஒட்டி வைத்து, "நீ உக்காந்து பக்குவம் சொல்லு, நான் அரைக்கறேன்" என்றேன். இதில் பாதி அன்பு. மீதிப் பாதி என்னவென்றால், அந்த வாரம் திருமூர்த்தி அவளுக்கு ஒரு குலை இளநீர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். போட்டிக்கு நானும் எதையாவது தூக்க வேண்டியிருந்தது.

அரிசி நன்றாக அரைந்தது. உளுந்தைப் போட்டுத் திருகைக் கொஞ்சம் கூட்டினேன்.

"ஏனுங்க, என்னமோ பொங்கிப் பொங்கி வருதுங்க" என்றாள்.

"வரட்டும். நல்ல உளுந்து" என்றேன்.

"உளுந்தில்லீங்க. நெஞ்சு."

இதய வைத்தியத்துக்காக அவள் சட்டைக்கடியில் கட்டியிருந்த பெல்ட்டிலிருந்து என் போனுக்கு எண் வந்துகொண்டே இருக்கும். எடுத்துப் பார்த்தேன். நூற்று முப்பது. பதறிப்போய்த் திருகைக் குறைத்தேன். எண்ணும் குறைந்தது. சந்தேகத்துக்கு லேசாகக் கூட்டினேன். எண்ணும் கூடியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது: பயப்பட வேண்டிய அந்த நேரத்தில் எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் மனைவியின் இதயம் நான் திருகிய பக்கம் திரும்பியது.

பிறகு புத்தி வந்து பிளக்கைப் பிடுங்கினேன். கிரைண்டர் நின்றதும் பெல்ட் தன் பழைய எஜமானைத் தேடிப் போயிற்று. அந்த எஜமான் அப்போது எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படியில் ஓடி வந்துகொண்டிருந்தார். அபாய மணி அவருடைய போனுக்கும் போகும். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் ஆள் இல்லை அவர். இரண்டிரண்டு படியாக அவர் ஏறியதை நான் என் மனைவியின் எண்ணில் பார்த்தேன். நூற்றுப் பத்து, நூற்று இருபத்தைந்து, நூற்று நாற்பது, காலிங் பெல்.

திருமூர்த்தி வாசலில் நின்றார். பக்கத்து நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறவர். அரைக்கால் சட்டையில் தண்ணீர் சொட்ட, கழுத்தில் விசிலோடு அப்படியே வந்திருந்தார். வயிறு என்று ஒன்று அந்த உடம்பில் தனியாக இல்லை.

"என்னாச்சுங்ண்ணா?" என்று என்னைக் கேட்டார்.

"மொதல்ல நீங்க உக்காருங்க" என்றாள் கோகிலா. "உங்களுக்கு எளச்சா எனக்கும் எளைக்குது."

அவர் உட்கார்ந்தார். கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். அவளும் விட்டாள். எண் மெல்ல மெல்ல இறங்கியது. இருவரும் ஒரே கட்டிலில் தூங்குகிறவர்களைப் போல ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கையிலும் உளுந்து மாவோடு நடுவில் நின்றேன்.

மறுநாள் டாக்டர் சுலைகா என்னை உட்கார வைத்துத் திட்டினார். இந்தப் புதிய வைத்தியத்தைச் சோதித்துப் பார்க்கும் மையத்தின் தலைமை டாக்டர் அவர்.

"அந்த பெல்ட் என்ன செய்யுதுன்னு உங்களுக்கு எத்தனை தடவை சொன்னேன்? உள்ள காயில் இருக்கு. நொடிக்கு ஒரு தடவை, ஒண்ணே கால் தடவை, ரொம்ப மெதுவா ஒரு காந்தப்புலத்தை எழுப்பி அடக்குது. அவங்க இதயம் அதைக் கேட்டுக் கேட்டு நடக்குது. நீங்க அதைவிடப் பலமான காந்தத்தைப் பக்கத்துல சுத்த விட்டா அது எதைக் கேக்கும்?"

"கிரைண்டரைங்க."

"ஆமா, கிரைண்டரை. இட்லி எப்படி வந்துச்சு?"

"பூ மாதிரிங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கோகிலாவின் இதயத்துக்குத் தாளம் தவறும் நோய். எல்லோருக்கும் வைப்பதுபோல் பேஸ்மேக்கர் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு முறையும் சீழ் பிடித்து எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் இந்த பெல்ட்டைப் பற்றித் தெரிந்து இங்கே வந்தோம். வந்த புதிதிலேயே நான் கேட்டேன்: "வெறும் காயில்தானுங்களே? ஒரு டைமர் வெச்சு நானே ஓட்டிப்போடுவேன். இதுக்கு எதுக்குங்க இன்னொரு ஆளு?"

"டைமர் கடிகாரம் மாதிரி தட்டும்" என்றார் டாக்டர். "உயிருள்ள இதயம் அப்படித் தட்டாது. சிரிச்சா ஒரு மாதிரி, பெருமூச்சு விட்டா ஒரு மாதிரி. உங்க மனைவியோட இதயத்துக்குக் கடிகாரத்தைக் குடுத்துப் பார்த்தோம். ரெண்டு நாள் கேட்டுச்சு. அப்புறம் சட்டை பண்ணலை."

"எங்கூட்ல என்ற பேச்சுக்கும் அதே கதிதானுங்க."

"அதனால இன்னொருத்தரோட இதயம் வேணும். அவர் நெஞ்சுல ஒரு சின்ன பெல்ட் இருக்கும். அவரோட துடிப்பு அப்படிக்கப்படியே இங்க வரும். ரெண்டு இதயத்தோட நடையும் ஒத்துப்போகணும். அதுக்குப் பொருத்தம் பார்ப்போம்."

பொருத்தம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். என் நெஞ்சிலும் துடிப்பைப் பதியும் ஒட்டுகளை ஒட்டி நடக்க வைத்துப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். மறுவாரம் டாக்டர், "உங்களுது வேண்டாங்க, சரிவராது" என்றார். ஏன் என்று கேட்டேன். "அது கொஞ்சம் சிக்கல்" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோகிலாவும் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். தானாக முன்வந்து பெயர் கொடுத்திருந்தவர்களில் திருமூர்த்தி பொருந்தினார். அவருக்கு மையத்தில் ஒரு பட்டம் உண்டு: துடிப்புத்துணை. நான் வாழ்க்கைத்துணை. இரண்டில் எது இல்லாவிட்டால் அவள் உயிர் போகும் என்பதை யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

பழகிக்கொண்டேன் என்பது பொய். நான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோகிலா பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். எண் நூறைத் தாண்டும். குளத்தில் குதிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மத்தியானம் அறுபதுக்கு வரும். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். அவள் டிவியில் ஏதோ சிரிப்பு வந்து சிரிப்பாள், எண் அசையாது. ஆனால் ஒருநாள் சும்மா உட்கார்ந்திருந்தவள் நெஞ்சில் எண் குதித்தது. அவள் தானாகச் சிரித்தாள்.

"எதுக்குச் சிரிக்கற?"

"தெரீலீங்க. என்னமோ சந்தோசமா இருந்துச்சு."

அன்றைக்குத் திருமூர்த்தியின் மாணவி ஒருத்தி மாவட்டப் போட்டியில் ஜெயித்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அடுத்தவன் சந்தோஷத்தில் என் மனைவி சிரிக்கிறாள். என் சந்தோஷங்களுக்கு அவள் இப்படிக் கேட்காமல் சிரித்ததாக நினைவில்லை. நானும் ஏதாவது ஜெயித்துப் பார்த்திருக்கலாம்.

ஆனால் என்னை உண்மையில் அரித்தது எண் அல்ல. ஒரு சொல்.

எங்கள் ஊரில் 'ண்ணா' என்பது உறவே அல்ல. நாக்கில் தானாக ஊறும் எச்சில் மாதிரி. பஸ் கண்டக்டர், காய்க்காரர், எதிரில் இடிக்க வந்தவர், எல்லோரும் ண்ணாதான். கோகிலா சிலிண்டர் போடுகிறவரை "ஏனுங்ண்ணா" என்பாள். தவறான நம்பரிலிருந்து பேசிய ஆளையே "இது அந்த நம்பர் இல்லீங்ண்ணா" என்று சொல்லித்தான் வைப்பாள். திருமூர்த்தியை மட்டும் அவள் ஒரு தடவைகூட அண்ணா என்று கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "நீங்க", "வாங்க", "உக்காருங்க", அவ்வளவுதான்.

ஒரு பெண் ஒருவரை அண்ணா என்று கூப்பிடாமல் இருக்க என்ன காரணம் இருக்க முடியும்? கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்கக் கூட்டிப்போன அன்று, என்னோடு வந்த என் தம்பியையும் பெரியப்பா மகனையும் அவள் அண்ணா என்றாள். என்னை மட்டும்தான் விட்டுவைத்தாள். அந்த விடுதலில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்தோஷம் இப்போது யாருக்குப் போகிறது?

ஒருநாள் சாப்பிடும்போது, பேச்சோடு பேச்சாகக் கேட்பதுபோல் கேட்டேன். "அந்தத் திருமூர்த்திய நீ என்னன்னு கூப்பிடுவ?"

"எதுக்குங்?"

"சும்மாதான். ஊரே ண்ணா. அவரு மட்டும் என்ன பாவம் பண்ணினாரு?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "வாயில வர்லீங்க" என்றாள்.

"வரலைன்னா?"

"வரலைன்னா வரலைங்க. மோர் ஊத்தட்டுமா?"

என் போனைப் பார்த்தேன். எண் அசையவில்லை. அவள் நெஞ்சு படபடத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு புருஷனுக்கு இருக்கும் கடைசிச் சாட்சியையும் அந்த ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் யோசனைகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எங்கள் மகள் மிதுலாவுக்கு நான்கு வயது. அம்மாவின் நோயால் காதுகுத்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். கோகிலா ஒற்றைப் பிள்ளை. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அந்த மடியில் திருமூர்த்தியை உட்கார வைத்துவிட்டால்? தாய்மாமன் என்றால் யார், அவள் கூடப்பிறந்தவன். அவள் வாய் அண்ணா என்று சொல்லாவிட்டால் போகட்டும், சடங்கு சொல்லட்டும். ஊரும் ஒறம்பரை உறவுசனமும் பார்க்க, சாமிக்கு முன்னால், காலத்துக்கும் மாற்ற முடியாதபடி அந்த ஆளை என் மச்சானாக ஆக்கிவிடுவேன். இதைவிட மரியாதையாக ஒரு போட்டியாளனை ஒழிக்க முடியுமா?

கோகிலாவிடம் சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போனது.

"வேண்டாங்க."

"ஏன்?"

"வேற யாராச்சும் எங்கப்பா பங்காளி வகையில பாருங்க. அவரு வேண்டாம்."

"அதுதான் ஏன்னு கேக்கறேன்."

"அவரப் போய் எதுக்குங்க நம்ம குடும்பத்துக்குள்ள இழுத்துப்போடறீங்க? அவரு பாட்டுக்கு இருக்கட்டும். தயவு பண்ணி விட்டுருங்க."

அவள் என்னிடம் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாளே குளத்துக்குப் போய்விட்டேன்.

திருமூர்த்தி தண்ணீருக்குள் நின்று ஒரு சின்னப் பெண்ணின் வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பிள்ளையைக் கரையில் உட்கார வைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். முகம் ஈரமாகவே இருந்தது.

"எனக்கு யாருமே இல்லீங்ண்ணா" என்றார். "அம்மா போனதுக்கப்புறம் பொங்கலுக்குக்கூட எங்கயும் போறதில்லைங்க. என்னப் போய்த் தாய்மாமன்னு கூப்பிடறீங்களே." பிறகு திடீரென்று பயந்துபோய், "சீரு என்னென்ன கொண்டாரணுமுங்க? தட்டு எத்தன? எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்களே" என்றார்.

அவர் மேல் எனக்கு வந்த இரக்கத்தை என் பொறாமையே வெறுத்தது. வெறுத்துக்கொண்டே வெற்றிலை பாக்கிலிருந்து பட்டுப்பாவாடை வரை எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். கடைசியாக நான் சொன்னது: "இனிமே அண்ணான்னு கூப்பிடாதீங்க. மச்சான்னு கூப்பிடுங்க."

"சரிங்க மச்சான்" என்றார். வாய் நிறைய.

காதுகுத்து அன்னூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் நடந்தது. நல்ல வெயில். திருமூர்த்தி பட்டு வேட்டியில், கேட்டதைவிட அதிகமாகத் தட்டுகளோடு வந்து இறங்கினார். என் பெரியம்மா, "யாரு சாமி இது, கோகிலாளுக்கு இத்தன நாளு இல்லாத அண்ணன்?" என்று கேட்டாள். நான் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் சொன்னேன். "கூடப்பிறக்காத பொறப்புங்க!" கோகிலா தூணோரம் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது.

மிதுலா அவர் மடியில் கூச்சமே இல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். "மாமா, உங்க விசில் எங்க?" என்றாள்.

"சாமி முன்னாடி விசில் அடிக்கக்கூடாது அம்மிணி."

ஆசாரி கம்பியை எடுத்தார். முதல் காது. மிதுலா ஊரைக் கூட்டினாள். திருமூர்த்தி அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அவ்வளவுதான் கண்ணு, அவ்வளவுதான்" என்றார். அவர் கண்ணும் கலங்கியது. இரண்டாவது காது. அப்போது அவர் பேச்சு பாதியில் நின்றது. வலது கை நெஞ்சுக்குப் போயிற்று. தூணோரம் பார்த்தேன். கோகிலாவின் கையும் நெஞ்சில் இருந்தது. ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். தாலி கட்டிய அன்றுகூட நாங்கள் இருவரும் அவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது. என்னை என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

"பாப்பாவப் புடிங்க மச்சான்" என்றார் திருமூர்த்தி. நான் மிதுலாவை வாங்கினேன். வாங்கியதும் அவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

மிதுலாவைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு இருவரையும் காரில் ஏற்றினேன். அவருடைய துடிப்பு தாறுமாறானதும் கோகிலாவின் பெல்ட் அவரை விட்டுவிட்டது. முன்பு சேமித்துவைத்த துடிப்பைத் தானாக ஓட்ட ஆரம்பித்தது. அவள் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் படுத்திருந்த திருமூர்த்திக்கு அவிநாசி ரோட்டுக்கு வருவதற்குள் பேச்சு வந்துவிட்டது.

"நல்ல காரியத்துல இப்படிப் பண்ணிப்போட்டேன். மன்னிச்சுக்கங்க மச்சான்."

"என்ன ஆச்சுங்க உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. அப்பப்ப இப்படி ஒரு துடிப்பு விட்டுப்போகும். நின்னு, அப்புறம் ரெண்டு சேத்து வரும். நாலஞ்சு மாசமா இருக்குது. குளத்துல ஒருக்கா கம்பியப் புடிச்சுட்டு நின்னுட்டேன்."

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அவர் சொன்னது எனக்கு நன்றாகத் தெரிந்த நோய். ஒரு துடிப்பு விட்டுப்போய், இரண்டு சேர்ந்து வருவது கோகிலாவின் நோய்.

"டாக்டர்கிட்டச் சொல்லலீங்களா?"

"சொன்னா பெல்ட்டக் கழட்டிப்போடுவாங்கல்லீங்க" என்றார். "அப்புறம் அவங்களுக்கு யாரு இருக்கா?"

கோகிலா திரும்பிப் பார்க்கவில்லை. கார் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். அவளுக்காக உயிரைக் கொடுக்கிற அளவுக்கு ஒருவன். எரிச்சலில் ஒரு லாரியை இடிக்கப் பார்த்தேன்.

மையத்தில் திருமூர்த்தியை உள்ளே படுக்க வைத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இனி அவரிடமிருந்து எடுக்கக்கூடாது என்றார் டாக்டர் சுலைகா.

"இது எப்படிங்க அவருக்கு வந்துச்சு? ஒட்டுவாரொட்டியா?" என்றேன்.

"அவர் நெஞ்சுலயும் காயில் இருக்குங்களே. கேக்கறதுக்காக வெச்சது. ஆனா ரெண்டு காயில் ஒரே தாளத்துல ஓடும்போது கொஞ்சம் திரும்பியும் வருது, எதிரொலி மாதிரி. ரொம்ப மெல்லிசா. மாசக்கணக்கா மெல்லிசா வந்துட்டே இருந்தா ஒரு இதயம் என்ன ஆகும்னு..." அவர் நிறுத்தினார். "அது ஆய்வுல இருக்கு. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

"சரிங்க. இப்ப இவளுக்கு?"

"சேமிச்ச துடிப்பு நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல உங்க மனைவியோட இதயம் அதைக் கேக்காது. அதுக்குள்ள வேற துணை வேணும். பட்டியல்ல இப்போதைக்கு யாரும் இல்லை."

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். "என்றத எடுத்துக்கங்க."

"அது..."

"பொருந்தலைன்னு சொன்னீங்க. அப்ப எனக்குத் தொப்பை ஜாஸ்தி. இப்ப நடக்கறேன், பாதி பொருந்துனாலும் போதும். இன்னொரு தடவை பாருங்க."

"பார்க்க வேண்டியதில்லைங்க."

"ஏனுங்க? அவ்வளவு மோசமாவா இருக்குது?"

டாக்டர் கோகிலாவைப் பார்த்தார். கோகிலா டாக்டரைப் பார்த்தாள். அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே போன பார்வை இன்றைக்கு எங்கேயும் போகவில்லை. "இதை உங்க வீட்டுல கேட்டுக்கங்க. நான் ஒரு வார்த்தை குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் வெளியே போய்விட்டார்.

அறையில் நாங்கள் இரண்டு பேர். நான் திறந்த சட்டையோடு நின்றேன்.

"நேராக் கேக்கறேன் கோகிலா. நேராச் சொல்லு. அவர உனக்குப் புடிச்சிருக்குதா?"

"இப்ப உங்களுக்கு அதுதான் தெரியணுமா?"

"ஆமா. இத்தன மாசமா எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை.

"உங்களுது பொருந்துச்சுங்க" என்றாள்.

"என்னது?"

"மொத டெஸ்ட்டுலயே பொருந்துச்சு. அவரத விட உங்களுதுதான் நல்லாப் பொருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாங்க."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் ஒரு வருஷமாக வெந்துகொண்டிருந்தேன்.

"அப்புறம்?"

"குடுக்கறவங்க நெஞ்சு கெட்டாலும் கெடும், உறுதியாச் சொல்ல முடியாதுன்னாங்க. நீங்க வெளிய போன் பேசிட்டு இருந்தீங்க. எனக்கு எப்படியும் இந்த நெஞ்சு. உங்களுதும் போச்சுன்னா பாப்பாவுக்கு யாருங்க? உங்களுக்குச் சரிவராதுன்னு சொல்லீருங்கன்னு டாக்டர் கையப் புடிச்சு நாந்தான் கேட்டேன். உண்மை தெரிஞ்சா நீங்க கேக்க மாட்டீங்க, சட்டையக் கழட்டிட்டு வந்து நிப்பீங்க. இப்ப நிக்கறீங்கல்ல, அது மாதிரி."

"அவருகிட்டச் சொன்னாங்களா? கெடும்னு?"

"சொன்னாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். அவரு சிரிச்சுட்டு, எனக்கென்னங்க, ஒத்தக்கட்டை, போனா அழுகறதுக்கு ஆளில்லைன்னாரு." அவள் தன் பெல்ட்டைத் தடவினாள். "அதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். அழுகறதுக்கு ஆளில்லாதவருதானேன்னு. தெரிஞ்சேதான் புடிச்சுக்கிட்டேங்க. எளைக்குதான்னு தெனம் அவரு மூஞ்சியப் பாப்பேன். நாலஞ்சு மாசமா எளைக்குதுன்னு எனக்குத் தெரியும். என்ற நெஞ்சுக்குள்ளதான கேக்குது."

பக்கத்து அறையில் திருமூர்த்தி யாரிடமோ போன் வாங்கிப் பேசுவது கேட்டது. பாப்பா அழுகையை நிறுத்திவிட்டாளா என்று என் பெரியம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். "நான் மாமா பேசறேன்னு சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அவள் மனசில் அந்த ஆள் இல்லை. நான் இருந்தேன். இவ்வளவு பெரிய இடத்தில் இருந்தேன். ஆனால் அவர் படுத்திருந்த அறைக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கடைசியாக, பழக்கதோஷத்தில், மறுபடியும் கேட்டேன்.

"அதுக்காக ஒரு ண்ணா கூடவா உன் வாயில வரல?"

"அண்ணான்னு ஒருத்தரக் கூப்ட்டுப்போட்டு அவரு நெஞ்சத் தேய விட்டுப் பாத்துட்டு இருக்க முடியுமாங்க?" என்றாள். "பேரு வெக்காம இருந்தா யாரோவாவே இருப்பாருன்னு இருந்தேன். நீங்கதான் அவரக் கொண்டாந்து எனக்கு அண்ணனாக்கி வெச்சுட்டீங்க."